நீருக்கு முன்னால் ஓடிய மிதிவண்டி

விடியலில் சன்னலைத் திறந்தேன். அந்த மணம் வந்துவிட்டது. கோடை முழுதும் காய்ந்து கிடந்த ஆற்றுமணல் முதல் நீரைக் குடிக்கும்போது எழும் மணம். பாமணியாற்றின் புதுநீர் நம் வீட்டு வளைவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மேற்கே எங்கோ வந்துகொண்டிருக்கிறது. "தண்ணிக்கு முன்னாடி அதோட வாசம் வரும்ங்க" என்று நீ சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். இன்று என் மூக்கும் உன் கட்சியில் சேர்ந்துவிட்டது.

நாளை உன் படத்திறப்பு. துண்டறிக்கை அச்சாகி வந்துவிட்டது. படத்தைத் திறப்பவர், நினைவுரை ஆற்றுவோர், எல்லோருக்கும் கீழே, நிறைவுரை என்று என் பெயர். எத்தனை பந்தல்களில் இறந்தோரைச் சொல்லால் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். கண்ணீர் வற்றிய வீடுகளையும் மீண்டும் அழவைத்திருக்கிறேன். உனக்கென்று ஒரு முதல் வரி கிடைக்கவில்லை. தேடத் தேடக் கிடைப்பதெல்லாம் பிறருக்காக நான் முன்பே செலவழித்துவிட்ட வரிகள். முதல் வரி கையில் இல்லாமல் நான் ஒலிவாங்கியின் முன் நின்றதே இல்லை என்பது உனக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அதனால்தான் ஊரிடம் பேசுமுன் உன்னிடம் பேசுகிறேன்.

உடற்கல்வி ஆசிரியையான உனக்குக் கோடை விடுமுறை என்றால் இரண்டு மிதிவண்டிகளும் மலைகளும்தான். பள்ளி மூடிய மறுநாளே சங்கிலிகளுக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிடுவாய். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் நான் மூச்சிரைத்துத் தள்ளிக்கொண்டு வருவேன். நீ அடுத்த வளைவில் ஒற்றைக் காலை ஊன்றிக் காத்து நிற்பாய். "ஏறுங்க தலைவரே. மேடைன்னா மட்டும் துள்ளிக்கிட்டு ஏறுறீங்க." கொடைக்கானலுக்கு அப்பால் காட்டு ஏரியொன்றில் பனி விலகி நீர் வெளிப்பட்ட காலையில், நான் அந்த ஏரியைப் பார்த்தே உரையாற்றத் தொடங்கினேன். நீ என் தோளைத் தொட்டு, "மெதுவாங்க, அதுக்குக் காது நல்லாவே கேட்கும்" என்றாய். போன இடமெல்லாம் நான் பேசினேன். நீ பார்த்தாய்.

பிறகு என் தொண்டை கட்டிப்போன அந்த ஆண்டு வந்தது. தேர்தல் பரப்புரையில் ஊர் ஊராய் முழங்கிவிட்டு வந்தவனுக்குக் குரலே எழவில்லை. குரல்நாணில் வீக்கம் என்றார் மருத்துவர். ஒரு திங்கள் முழுதும் வாய் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. வீக்கம் வடியாவிட்டால் அறுவை. அறுத்தபின் பழைய குரல் திரும்புமா என்பதற்கு அவர் உறுதி தரவில்லை. குரலால் உண்டு குரலால் வாழ்ந்தவன், சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டேன். கூடத்தில் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் ஓசை கேட்டது. பிறகு நீ வந்து நின்றாய்.

"சைக்கிள்ல மணி இருக்குல்ல. ஒரு தடவை அடிச்சா ஆமா, ரெண்டு தடவை அடிச்சா இல்ல. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பேசணும்?"

பேருந்தின் கூரையில் வண்டிகளை ஏற்றி ஒகேனக்கல் போனோம். பாறைகளைப் பிளந்துகொண்டு காவிரி விழும் இடத்தில் பழக்கத்தால் என் நாக்கு உவமை தேடியது, வாய் மூடியிருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட ஒவ்வொரு பெருமையையும் உடனே ஒரு சொல்லுக்குள் அடைத்து, என் அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று அருவி எதைப்போலவும் இல்லை. அருவியாகவே விழுந்தது. நான் சிறுத்து நின்றேன். சிறுத்து நிற்பதில் இவ்வளவு நிறைவு இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மேட்டூரில் மலைகளுக்கு நடுவே கடல்போல் கிடந்தது ஏரி. மதகுகள் திறந்தபோது அந்த முழக்கம் காதில் விழவில்லை, விலா எலும்பில் விழுந்தது. என் எந்தப் பேச்சுக்கும் இப்படி ஒரு கூட்டம் அதிர்ந்ததில்லை. அங்கிருந்து நீரோடு புறப்பட்டோம். பவானியின் கரை, கரூரின் வாழைத் தோட்டங்கள், திருச்சியின் அகன்ற மணல். சில பகல்களில் அது நம்மை முந்தியது, சில மாலைகளில் நாம் அதை முந்தினோம். கல்லணையில் மலர் தூவித் திறந்தார்கள். வெண்ணாற்றில் நீர் திரும்பியது. தஞ்சையைத் தாண்டி ஒரு சிறு பாலத்தில் வண்டிகளைச் சாய்த்து, வறண்ட ஆற்றைப் பார்த்துக் காத்து நின்றோம்.

முதலில் கொக்குகள் வந்தன. அடுத்துச் சருகை யாரோ இழுத்துச் செல்வதுபோல் ஒரு சலசலப்பு. பிறகு அது வந்தது. கணுக்கால் உயரம்கூட இல்லை. வைக்கோலையும் நுரையையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிற நாக்கொன்று மணலை நக்கி வந்தது. ஓர் ஆட்டின் குளம்படி எதிரே இருந்தது. நீர் அங்கே நின்றது. அந்தச் சிறு பள்ளத்தை நிரப்பிய பிறகே நகர்ந்தது. மேட்டூரில் மலை அதிர முழங்கிய அதே நீர், ஓர் ஆட்டுக் குளம்படிக்காகக் காத்து நின்றது. கரையில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அவர்களுள் ஓர் உழவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அண்ணே, நீங்க மீட்டிங்ல பேசுறவருல்ல? தண்ணி வந்திருக்கு, ரெண்டு வார்த்தை பேசுங்கண்ணே."

நீ முந்திக்கொண்டாய். "இவங்களுக்குத் தொண்டை சரியில்லைங்க. இன்னைக்கு அது பேசட்டும்" என்று ஆற்றைக் காட்டினாய்.

"அதுவும் சரிதான். இவரு வாய மூடி நின்னு இன்னைக்குத்தாங்க பாக்குறேன்" என்றார் அவர். கரையே சிரித்தது.

நான் மணியை மூன்று முறை அடித்தேன். "மூணா? மூணுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாய். மறுபடியும் மூன்று முறை அடித்தேன். நீ சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

"வாங்க, நம்ம தெருவுக்கு நாமளே முதல்ல போய்ச் சொல்லிடலாம்."

நீரைப் பின்னால் விட்டு மிதித்தோம். நீடாமங்கலம் தாண்டி, பாமணிக் கரையோடு மன்னார்குடிக்குள் நுழைந்தபோது என் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. "தண்ணி வந்துருச்சு, தண்ணி வந்துருச்சு" என்று நீ தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாய். நான் பின்னால் மணியடித்துக்கொண்டே வந்தேன். கதவுகள் திறந்தன. எதிர்வீட்டு அம்மா நம்பாமல் கேட்டார். "யாரு டீச்சர் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாங்கதான் கூட்டிக்கிட்டு வர்றோம்."

திங்கள் முடிந்து மருத்துவர் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்திருந்தது. "ஏதாவது பேசுங்க" என்றார். நான் உன் பக்கம் திரும்பி, "பசிக்குது" என்றேன். "ஒரு மாசமா இதைத்தான் யோசிச்சு வச்சிருந்தீங்களா?" என்றாய். அதன்பின் மேடைகளில் என் சொற்றொடர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி விழத் தொடங்கியது. பேச்சுக்கலையின் உச்சம் அது என்று தோழர்கள் பாராட்டினார்கள். அந்தக் குளம்படியை அவர்கள் பார்த்ததில்லை.

அதுமுதல் ஒவ்வோர் ஆண்டும் புதுநீரை நம் தெருவுக்குச் சொல்வது உன் வேலையாயிற்று. பணி ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. இந்தக் கோடைக்கும் எண்ணெய் போட்டு வைத்தாய். வண்டி அப்படியே நிற்கிறது. நீ இல்லை.

இதோ, ஆற்றுப் பக்கம் கொக்குகள் எழுகின்றன. எதிர்வீட்டு அம்மா தம் வாசலில் நின்று நம் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போதும் கேட்கும் மணியோசை கேட்கவில்லை.

உன் வண்டியை எடுக்கப் போகிறேன். இத்தனை ஆண்டும் பின்னால் மணியடித்து வந்தவன். நீ தெருவுக்குச் சொன்ன அந்த இரண்டு சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. தெருமுனைக்குள் குரல் உடைந்துவிடும், தெரியும். உடையட்டும். தண்ணி வந்துருச்சு. நாளை ஒலிவாங்கியின் முன் நின்று முதலில் சொல்லப் போவதும் இதைத்தான்.

யார் சொன்னது என்று எதிர்வீட்டு அம்மா கேட்பார். டீச்சர் கூட்டிக்கிட்டு வர்றாங்க என்பேன்.