இட்டலி மறுக்கப்பட்டேன்

சூலை 7, திங்கள்
காலையில் உப்பல், பிரசாத்தின் சிற்றுண்டிக் கடை. இட்டலி வேகும்வரை தாய்மொழிக் கல்வி குறித்துச் சிற்றுரை ஆற்றினேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் தெலுங்கர்; தமிழ் தெரியாது. ஆயினும் ஒருவர்கூடக் கடையைவிட்டு வெளியேறவில்லை! என் மேடை வாழ்வில் இத்தகைய அவை வாய்த்ததில்லை.

சூலை 8
கொடுமை. "மீக்கு டிபன் லேது சார்" என்றான் பிரசாத். எனக்கு இல்லையாம்! பின்னால் நின்றவர்க்கு ஆவி பறக்க இட்டலி. தமிழன் என்பதாலா? வேறென்ன காரணம் இருக்க இயலும்? ஞாயிறன்று தமிழ் மன்றத்தில் முழங்குவேன். தலைப்பு: 'இட்டலி மறுக்கப்பட்ட இனம்'.

சூலை 9
நீலா சொல்கிறாள்: "நேத்து சாயந்திரம் எனக்குக் குடுத்தானே? சட்னி கூடச் சேர்த்தே குடுத்தான். நான் என்ன தெலுங்குக்காரியா?"
மனைவிக்கு இன உணர்வு போதாது.

சூலை 10
வழக்குத் தொடுக்க வழக்கறிஞர் அப்துல் காதரிடம் சென்றேன்.
"அண்ணே, மதம், இனம், சாதி, ஆணா பொண்ணா, பொறந்த ஊரு, இதுக்காகக் கடைக்குள்ள விடமாட்டேன்னு சொல்லக் கூடாது. அரசியல் சட்டமே சொல்லுது. சொற்பொழிவு அந்தப் பட்டியல்ல இல்லையே!"
"ஒருவரும் எழுந்து செல்லவில்லை, அறிவீரா?"
"வாசல மறிச்சு நின்னுக்கிட்டுப் பேசினா எப்படிண்ணே போவாங்க? உள்ள மாட்டினதுல நானும் ஒருத்தன். கோர்ட்டுக்கு லேட்டு!"

சூலை 11
வாசலிலா நின்றேன்? காற்று வந்தது, நின்றேன் — அதுக்குப் போயி!

சூலை 13, ஞாயிறு
மன்ற உரை கைவிடப்பட்டது. பிரசாத்துடன் உடன்பாடு: அவன் கடைக்குள் என் வாய் உண்பதற்கு மட்டுமே. விரல்களைக் காட்டினேன், இட்டலி வந்தது. பேசாமல் உண்டும் சுவை குறையவில்லை. அதுதான் வருத்தம்.

சூலை 16
தெருக்கூட்டும் எல்லம்மா இட்டலி வாங்கி, உள்ளே அமரப் போனார். பிரசாத் தடுத்தான்: "நுவ்வு பயட்ட தினம்மா." வெளியில் நின்று உண்ண வேண்டுமாம். உள்ளே நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்தன. காதர் சொன்ன பட்டியல் நினைவில் எழுந்தது. இது அதில் உண்டு. ஆனால் பேசினால் எனக்கு இனி இட்டலி இல்லை.
தட்டை வைத்தேன். எழுந்தேன். வாசலின் நடுவில் சென்று நின்று, தொண்டையைச் செருமினேன்.
பிரசாத் முகம் வெளிறியது. நாற்காலியைத் தன் தோள்துண்டால் துடைத்தான். "கூர்ச்சோம்மா, கூர்ச்சோ!"
எல்லம்மா அமர்ந்து உண்டு முடிக்கும்வரை வாசலைவிட்டு நான் நகரவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை.