துளி காய்ந்த தடம்

அக்டோபர் 6, திங்கள்

அறிவியல் கண்காட்சி அறிவிப்பை ஆய்வகக் கதவில் ஒட்டினேன். ஒரு தலைப்பு ஒருவருக்குத்தான். வெள்ளிக்கிழமைக்குள் என்னிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும். பதினோரு வருடமாகச் சோதனைக் குழாய் கழுவுகிறவனுக்கு வருடத்தில் ஒரு வாரம் கிடைக்கும் அதிகாரம் இது. முதல் நாளே நான்கு எரிமலை. மூன்றைத் திருப்பி அனுப்பினேன்.

மகள் இதே பள்ளியில் இப்போது எட்டாம் வகுப்பு. முதல்முறையாகக் கலந்துகொள்ளப் போகிறாள். அவளுக்கென்று ஒரு தலைப்பை யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருக்கிறேன். கழுவிய கண்ணாடியில் குழாய்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். மழைத் தண்ணீர் காய்ந்தால் விழாது. ஒரு துளியைக் காயவிட்டால் போதும், எந்தத் தண்ணீரில் உப்பு அதிகம் என்று தெரிந்துவிடும். தினமும் கழுவுகிறவன் கண்ணில்தான் இதெல்லாம் படும்.

அக்டோபர் 8, புதன்

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன்.

மதியம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பாள்; ஆசிரியர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஏன் மகாராணி’.

“அண்ணா, எங்க வீட்டுப் பாத்திரத்துல தண்ணி காஞ்சா வெள்ளையா படியுது. அத்தை வீட்ல படியல. ரெண்டு தண்ணியையும் கண்ணாடியில ஒவ்வொரு சொட்டு விட்டுக் காயவச்சா வித்தியாசம் தெரியுமா? அதையே தலைப்பா எழுதிக்கிறீங்களா?”

என் தலைப்பு! தானாகவே யோசித்துக்கொண்டு வந்து நிற்கிறாள்.

“ஒரு சொட்டுல ஒண்ணும் தெரியாதும்மா. காஞ்சு போயிடும், அவ்வளவுதான்.” சொல்லும்போது வாய் கூசவில்லை. எனக்குப் பின்னால் குடுவைகள் வரிசையாகக் கவிழ்த்திருந்தன, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தடம்.

“அப்போ எதுண்ணா நல்லா வரும்?”

எலுமிச்சம்பழத்தில் விளக்கு எரிய வைப்பது என்றேன். சரி என்று அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காக அடுத்த குஞ்சின் வாயிலிருந்து பிடுங்குவதா?

அக்டோபர் 9, வியாழன்

சோறு இறங்கவில்லை. “யாரோட சண்டை?” என்றாள் மனைவி. என்னோடுதான்.

அக்டோபர் 10, வெள்ளி

நல்ல வேலை செய்தேன் போ.

பள்ளி விட்டு வந்த மகளிடம் தலைப்பைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “சொட்டு காயற வரைக்கும் நான் என்னப்பா பண்றது?” என்றாள். அவள் ஏற்கெனவே முடிவு செய்து, நேராக அறிவியல் ஆசிரியையிடமே பெயர் கொடுத்துவிட்டாளாம்: எந்த முடிச்சுப் போட்டால் ஷூ கயிறு அவிழாது. கூடத்தில் என்னை இருபது சுற்று நடக்கவிட்டுக் குறிப்பு எடுத்தாள். நானும் நடந்தேன், இலவு காத்த கிளி.

உடனே ஆசிரியைக்கு போன் செய்து, ஒரு தலைப்பை மாற்ற முடியுமா என்று கேட்டேன். “பட்டியல் மேலிடத்துக்குப் போயாச்சு. இனிமே ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது.”

இவளுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. போயும் போயும் ஒரு சின்னப் பொண்ணுகிட்ட — ஏன்டா இப்படிப் பண்ணே?

அக்டோபர் 17, வெள்ளி

வராந்தாவில் ஏன் மகாராணி எதிரே வந்தாள். நான் சட்டென்று கழிப்பறைக்குள் நுழைந்துகொண்டேன்.

அக்டோபர் 30, வியாழன்

கண்காட்சி முடிந்தது. மகளின் மேசையைச் சுற்றி நல்ல கூட்டம். எலுமிச்சம்பழ விளக்கு நடுவர்கள் வந்து நின்றதும் இரண்டு முறை மினுக்கி அணைந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு ஏன் மகாராணி ஒரு நோட்டோடு ஆய்வகத்துக்கு ஓடி வந்தாள்.

“அண்ணா, நீங்க தப்பா சொல்லிட்டீங்க. தெரியுதுண்ணா!”

உடைந்த முகக்கண்ணாடித் துண்டில், ஐந்து வீட்டுத் தண்ணீர், மூன்று வாரம். விழுந்த தடத்தையெல்லாம் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறாள். என் முகம் போன போக்கைப் பார்த்து, “பரவால்லண்ணா, எல்லாருக்கும் தப்பு வரும்” என்று ஆறுதல் வேறு சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. முடியவில்லை.

“தப்பு இல்லம்மா. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். எம் பொண்ணுக்குன்னு வச்சிருந்தேன்.”

அழுவாள், இல்லை திட்டுவாள் என்று நின்றேன். நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரல் வைத்தாள்.

“அப்போ உங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும். மூணாம் நாள் மட்டும் தடம் நடுவுல திட்டா விழுந்துது. மத்த நாளெல்லாம் ஓரத்துல வளையமா. ஏன்?”

“காட்டு, பாக்கலாம்” என்று கையை நீட்டினேன்.

நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க. நானே எழுதிக்கிறேன்.”

எனக்கு உண்மையிலேயே தெரியாது. அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை.