மச்சான் கை வைத்த கணினி

மார்ச் 3, செவ்வாய்

வீட்டு உள்ளலங்காரத்துக்கு நான் செய்து கொடுக்கும் முப்பரிமாணப் படங்களில், ஒரு சமையலறைப் படம் முழுதாய் உருவாகி வருவதற்குள் என் கணினிக்கு ஒரு பகல் போய்விடுகிறது. கிழட்டு மாடு. புதிது வாங்க வக்கில்லை. வேலை போனதிலிருந்து எங்கள் வீட்டுச் சோபாவில் கிடக்கும் மனைவியின் தம்பி, அதன் பிராசஸரை ‘ஓவர்கிளாக்’ செய்யலாம் என்கிறான். கம்பெனிக்காரன் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவதாம். அவனுக்கும் ஒரு வேலை கொடுத்தமாதிரி இருக்கும் என்றாள் மனைவி. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டுமாம். இவனோ குளிக்கப் போகவே நாலு தடவை சொல்ல வேண்டிய ஆள்.

மார்ச் 4

குமட்டுகிறது. கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தான். விசிறிக்குள் கம்பளிபோலத் தூசி, தலைமுடி, கரப்பான் இறக்கைகள், கால்கள். அதை விரலால் வழித்துப் போட்டுவிட்டு அதே விரலால் பிஸ்கட் எடுத்துத் தின்றான். பிராசஸரின் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவி, காய்ந்து பொருக்காகிப் போயிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். இரவு என்னால் அந்த மேசையில் சாப்பிட முடியவில்லை.

மார்ச் 5

வேகத்தை ஒரு படி ஏற்றுவது, கணினியைத் திணறத் திணற ஓடவிட்டுச் சூட்டைப் பார்ப்பது, தாங்கினால் அடுத்த படி. நாள் முழுக்க இதுதான். 4.1 கிகாஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டான்.

“போதும் மாமா. இதுக்கு மேல போனா வோல்ட்டேஜ் கூட்டணும். பழசு, தாங்காது.”

வேகம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டு விசிலடித்தபடி வீடெங்கும் திரிகிறான். சகிக்கவில்லை.

மார்ச் 8

என் கீபோர்டு பக்கத்தில் உட்கார்ந்து கால்நகம் வெட்டுகிறான். சீ!

மார்ச் 10

ஓட்டல் அறைப் படங்கள் மொத்தமும் வியாழனுக்குள் வேண்டும், இல்லையென்றால் வேலை வேறு ஆளிடம் போய்விடும் என்று ஓட்டல் முதலாளி சொல்லிவிட்டார். மச்சான் நேர்முகத்தேர்வுக்குப் போயிருந்தான். நானே வோல்ட்டேஜைக் கூட்டி 4.5 வைத்தேன். ஓடியது. சோதித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? பெரிய கம்பசூத்திரம்!

மார்ச் 11

படத்தைச் சேமிக்கும்போது திரை நீலமாகிக் கணினி நின்றுபோனது. அதோடு கோப்பு திறக்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடி வந்தாள், பின்னாலேயே மச்சான். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“நோண்டி நோண்டியே கெடுத்துட்டியாடா? அவர் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே.”

அவன் கணினியை மறுபடி கிளப்பி அமைப்புப் பக்கத்தைத் திறந்தான். 4.5 என்று இருந்தது. என்னைப் பார்த்தான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன் — ஏன் வாய் திறக்கவில்லை? ஒரு வார்த்தை போதுமே?

“சாரிக்கா” என்றான்.

பழைய வேகத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு நண்பன் அறைக்குப் போய்விட்டான். அவள் தடுக்கவில்லை. நானும்.

மார்ச் 12

பழைய நகலிலிருந்து பாதிப் படங்கள்தான் கொடுக்க முடிந்தது. கையைக் காலைப் பிடித்து மீதிக்குத் திங்கள்வரை தவணை வாங்கினேன்.

மார்ச் 16

எல்லாம் கொடுத்தாயிற்று. முதலாளிக்குத் திருப்தி. அவன் போனதிலிருந்து வீடு சுத்தமாக இருக்கிறது என்றாள் மனைவி. ஆமாம் என்றேன். கரப்பான் காலைப் பார்த்துக் குமட்டியவன் நான். இன்று என்னைப் பார்த்தே எனக்குக் குமட்டுகிறது.

மத்தியானம் அவனிடமிருந்து செய்தி வந்தது: “மாமா, இனிமே வேகத்தை ஏத்தாதீங்க. அக்காகிட்ட நான் ஒன்னும் சொல்லல.”

அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன்.