பின்வரிசையிலிருந்து வந்த கேள்வி

ஏட்டி,

இன்று காலை எங்கள் கணிதத் துறைக் கருத்தரங்க அறையில், மேசைமேல் நிமிர்த்தி வைத்திருந்த ஒரு செல்போனைப் பார்த்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பேசுகிறவர் வாயைத் திறக்கத் திறக்க அதன் திரையில் தமிழ் எழுத்து வரிவரியாக ஓடுகிறது. யாரும் தட்டச்சு செய்யவில்லை. கணினித் துறைப் பிள்ளைகள் பழக்கி வைத்திருக்கிற செயற்கை நுண்ணறிவு அது. பஸ் ஸ்டாண்டிலும் ரதவீதிக் கடைகளிலும் நம்மூர்ப் பேச்சைப் பதிவு செய்து அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். நாம் பேசுகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்கிறதைப் பார்த்து நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன் என் மாணவியுடையது. உன்னைப் போலவே சின்ன வயதில் காய்ச்சலில் காது போனவள். உன்னைப் போலவே கணக்கென்றால் சோறு தண்ணி வேண்டாம். இன்று அவளுடைய ஆய்வுக் கருத்தரங்கு. இதில் தேறினால்தான் மேற்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் படிக்கலாம்.

நாம் எம்.எஸ்சி. படித்தபோது உனக்கென்று இருந்த ஒரே கருவி நான்தான். தாளுக்கு அடியில் கார்பன் வைத்து எழுதுவேன், அடிப்பிரதி உனக்கு. சார் பாதி நேரம் கரும்பலகையிடம்தான் பேசுவார். அவர் திரும்பிவிட்டால் உதடு தெரியாது, பாடமும் உனக்கு அதோடு நின்றுவிடும். டவுண் பஸ்ஸின் இரைச்சலில் மற்றவர்கள் கத்திக் கத்திப் பேச, நான் சத்தமே இல்லாமல் வாயசைப்பேன், நீ ஒன்றுவிடாமல் பிடித்துக்கொள்வாய். அந்த பஸ்ஸில்தான் ஒருநாள் சொன்னாய்: "நீ எழுதுனதெல்லாம் எனக்குக் கெடச்சிருது ஏட்டி. எல்லாரும் எதுக்குச் சிரிச்சீங்கன்னுதான் தெரிய மாட்டேங்கு."

வகுப்பு சிரித்தால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்தித்தான் நீ சிரிப்பாய்.

ஆராய்ச்சியில் சேர நீ பேசிய நாளும் கண்முன் நிற்கிறது. பலகை நிறைய எழுதி, அழகாகப் பேசி முடித்தாய். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கேள்வி கேட்டார். யார் கேட்டது என்றே தெரியாமல் நீ வரிசை வரிசையாக முகங்களைத் தேடினாய். நான் கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, "பாவம், காது கேக்காத பிள்ளை. இதுக்கு ஆராய்ச்சி எதுக்கு?" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார். அவர் உதடு மட்டும் உனக்கு நன்றாகத் தெரிந்தது. அதோடு ஆராய்ச்சியை விட்டுவிட்டு, ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாய். கண்ணை மூடும்வரை அதையே செய்தாய். அந்தக் கேள்விக்கான பதில் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இன்று எங்கள் துறைத் தலைவர், "கரண்டு போறதுக்குள்ள ஆரம்பிச்சிரும்மா, இல்லன்னா உன் தேற்றம் இருட்டுல நிக்கும்" என்றார். அறை சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், எங்களோடு சேர்ந்தே. நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் பேசி முடித்ததும், தேற்றத்தில் போட்டிருக்கிற நிபந்தனை தேவைதானா என்று கேள்வி வந்தது, கடைசி வரிசையிலிருந்தேதான். கேட்டவர் வெளியூர்ப் பேராசிரியர், உதட்டையே மூடுகிற மீசை. திரையில் எழுத்து வந்தது, நின்றது, எழுதியதைத் தானே அழித்துவிட்டு மறுபடி எழுதியது. என் கை தன்னால் பேனாவைத் தேடியது. அதற்குள் அவள் நிமிர்ந்து, நேரே அவரைப் பார்த்தாள்.

"அந்த நிபந்தனை இல்லன்னா தேற்றம் நிக்காது சார். படிக்கிறதுக்கு யூனிவர்சிட்டில குடுத்திருக்க ஏஐகிட்டயும் கேட்டேன். நிபந்தனை வேண்டாம்னு ஒரு நிரூபணமே எழுதிக் குடுத்துச்சு. பாத்தா நடுவுல தப்பு. அந்தத் தப்பைப் பிடிச்சுக்கிட்டே போனதுலதான் இந்த எதிர்உதாரணம் கெடச்சுது." சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினாள். மீசைக்காரர், "இந்தப் பொண்ணு சரியாச் சொல்றா" என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். போன் அதையும் எழுதிவிட்டது! அவள் படித்துவிட்டு முகம் சிவந்தாள்.

காது கேட்கிற நாங்களெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்ததை அதிசயமாக நினைத்ததில்லை. அந்தப் போன் ஒரு பெண்ணுக்கு அறை முழுவதையும் திறந்துகொடுத்ததைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிதென்று தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதேன். இது உன் காலத்திலேயே வந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரத்திலும் அழுதேன்.

அவள் தேறிவிட்டாள். மதியம் என் வகுப்புக்கு வந்திருந்தாள். நான் பலகையில் எழுதும்போது பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். எழுதி, நிறுத்தி, பிள்ளைகள் பக்கம் திரும்பிய பிறகுதான் வாயைத் திறப்பேன். பாடம் முடிக்க மற்றவர்களைவிட நேரம் பிடிக்கும் என்று துறையில் கேலிகூட உண்டு.

"மேடம், எனக்காக இனி திரும்பணும்னு இல்ல. போன் பாத்துக்கிடும்" என்றாள்.

சரியென்று பலகையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தேன். ஒரு வாக்கியம் முடியவில்லை, பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டேன். உனக்கு முதுகைக் காட்டிப் பேச எனக்கு வரமாட்டேன் என்கிறது, ஏட்டி.