சன்னலில் வைத்த சோறு

ஐப்பசி, வியாழக்கிழமை இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

அண்ணன் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. நான்தான் காரணமோ என்று பயமாக இருக்கிறது.

காலையில் பூகோள வகுப்பில் டீச்சர் சைபீரியாவைப் பற்றிக் கேட்டார். எல்லோரும் பனி, கரடி என்றார்கள். நான் எழுந்து, ருஷ்ய அரசரை எதிர்த்தவர்களை அங்கேதான் நாடு கடத்தினார்கள் என்றேன். தப்பி ஓடுகிறவர்களுக்காகக் கிராமத்து மக்கள் இரவில் சன்னலில் ரொட்டியும் பாலும் வைப்பார்கள், எடுத்தது யார் என்று கேட்கவே மாட்டார்கள் என்றும் சொன்னேன்.

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"எங்க அண்ணன், டீச்சர். ராத்திரியில புத்தகம் வாசிச்சுக் காட்டுவாரு."

பெருமையாகத்தான் சொன்னேன். டீச்சரின் கணவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்பது உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் சாதாரண உடுப்பில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அண்ணனைக் கேட்டார்கள்.

"பட்டறைக்கு வேலைக்குப் போயிருக்கான்யா," என்றாள் அம்மா.

ஒருவர் சிரித்தார். "வந்தா சொல்லும்மா, நாகப்பட்டணத்துக்குச் சும்மாவே கப்பல் ஏத்தி விடுறோம்னு."

நாடு கடத்துவதைத்தான் அப்படிச் சொன்னார். அண்ணன் பிறந்தது கடலுக்கு இந்தப் பக்கம், இந்த ரயில்வே குவாட்டர்ஸில். நாகப்பட்டணத்தைப் பார்த்ததே இல்லை.

பள்ளியில் நடந்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் படுத்த பிறகு, என் ரொட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிச் சன்னலுக்குப் போனேன். அண்ணன் அந்தக் கதையை வாசித்த அன்று, "அந்தக் குளிர்ல பாலு கல்லாயிடாதாடா?" என்று கேலி செய்தவள் அம்மாதான்.

சன்னலில் ஏற்கெனவே ஒரு தட்டுச் சோறு மூடி இருந்தது. எறும்பு ஏறாமல் அம்மா அதைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்திருந்தாள். கதவுக்குக் கொக்கி போடவில்லை.

ரொட்டியையும் பக்கத்தில் வைத்தேன்.

வெளியே நாய் குரைக்கிறது. அண்ணனா, அவர்களா தெரியவில்லை. விளக்கை அணைக்கிறேன்.