பொய்க் குறட்டை

ஜூலை 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. என் காக்கிச் சட்டை நாற்காலியில், மின்விசிறிக்குக் கீழே. காய்ந்து என்ன ஆகப்போகிறது, போகிற இடம் ஸ்டோர் ரூம். நட்டு போல்ட்டு பிரித்து டப்பாவில் போடுகிற வேலை. தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவன் என்று பெயர், கிரேனில் ஏறி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மனசில் உருள்வதைச் சாயங்காலமே எழுதி மூடிவிட வேண்டுமாம். படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாதாம். எந்த மொழியில் என்று கேட்டேன். கோபம் எந்த மொழியில் வருமோ அதில் என்றார், இந்தியில். அதனால் தமிழ்.

சரி, உருள்வது: அந்த இரும்புத் தகடு. மேலே கேபினில் நான். கொக்கியில் தகடு. கீழே சங்கிலி மாட்டுகிற காம்ப்ளே. சங்கிலி நழுவித் தகடு ஒரு பக்கம் சாய்ந்தது, காம்ப்ளே குதித்து விலகினான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எல்லோரும் டீ குடித்தோம். அவன் அன்று ராத்திரி வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பான். எனக்குத்தான் கண்ணை மூடினால் அந்த மஞ்சள் ஹெல்மெட், மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு பொட்டாக.

எழுதியாயிற்று. மூடவும் மூடியாயிற்று. பார்ப்போம்.

ஜூலை 7, செவ்வாய்

ஒன்றும் ஆகவில்லை.

டா. சொன்னவற்றை மறக்காமல் குறித்துக்கொள்கிறேன். இருதயத்தில் கோளாறு இல்லை, படபடப்பு பயத்தால் வருவது. தகடு இன்னும் கொக்கியில் தொங்குவதாக நினைத்து உடம்பு காவல் காக்கிறதாம். தினமும் போடும் மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரை கொஞ்ச நாளைக்கு மட்டும். பகலில் படுக்கக் கூடாது. சாயங்காலத்துக்கு மேல் டீ கிடையாது (இது கொடுமை). தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்பப் படுக்கணும்.

வேறு இடம்! விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு சமையலறை. ஹாலில் நான், என் மனைவி செல்வி, மகள் ரேவதி, பீரோ. நான் எழுந்தால் செ. எழுந்துவிடுவாள். டியூப்லைட் எரியும். தலையில் எண்ணெய் தேய்ப்பாள். ரேவதிக்குக் காலையில் காலேஜ். அதனால் எழுந்திருப்பதில்லை. கட்டை மாதிரி கிடப்பது.

ஜூலை 9, வியாழன்

மழை. பஸ் நெரிசல். ஸ்டோரில் ஒருவன், "அண்ணாவுக்கு என்ன, உட்கார்ந்த வேலை, ஜாலி" என்றான். சிரித்து வைத்தேன்.

என் வீட்டில் நான் படுத்தால் ஊரே அடங்குகிறது. மிக்ஸி போடக் கூடாது. டிவி ஊமை. ரேவதி கையால் ஜாடை காட்டிப் பேசுகிறாள். கீழ் வீட்டுப் பையனிடம் போய், ஸ்கூட்டர் ஹாரன் அடிக்காதே, அங்கிள் தூங்குகிறார் என்று செ. சொல்லியிருக்கிறாள். அவ்வளவு அமைதியில் எவனுக்குத் தூக்கம் வரும்? எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற மாதிரி.

விடிந்ததும் விசாரணை. செ.: "தூங்கினீங்களா?" ரேவதி: "அப்பா, நீந்த் வந்துச்சா? சச் சொல்லுங்க, பொய் கூடாது." படிக்கட்டில் எதிர்வீட்டு அம்மாள், மராட்டியில்: "ஜோப் லாக்லி கா, பாவ்?" தூங்கினாயா என்று மூன்று மொழியில் கேட்டுவிட்டார்கள். மூன்றிலும் பதில் ஒன்றுதான். இல்லை என்று சொல்லும்போது செ. முகம் போகிற போக்கைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 12, ஞாயிறு

நேற்று ஒரு காரியம் செய்தேன். குறட்டை விட்டேன். தூங்காமல்.

மூச்சை நீளமாக இழுத்து, மெதுவாக விட்டு, தொண்டையில் கொஞ்சம் சத்தம். பக்கத்தில் செ. ஒரு பெருமூச்சு விட்டாள். நிம்மதிப் பெருமூச்சு. அதற்கு மேல் நிறுத்த மனசு வரவில்லை.

காலையில் இட்லிக்கு இரண்டு சட்னி. தலைக்குக் குளித்துவிட்டு செ. அம்மன் கோயிலில் தேங்காய் உடைக்கப் போனாள். கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் ஷீரா (நம்ம ரவா கேசரி) கொடுத்தனுப்பினார். நான் தூங்காத தூக்கத்துக்கு ஷீரா. சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 15, புதன்

தினமும் குறட்டை. நன்றாகப் பழகிவிட்டது. இதைச் செய்துகொண்டு கிடந்தால் வரவிருந்த தூக்கம்கூட ஓடிவிடுகிறது. பகலில் காது இரைச்சல். M8, M10 போல்ட்டுகளைக் கலந்து போட்டுவிட்டேன், மறுபடி பிரித்தேன். பஸ்ஸில் ஒருவர் கை பட்டதற்கு உடம்பெல்லாம் உதறியது.

பயமாக இருக்கிறது. என்ன பயம் என்று எழுதச் சொல்கிறார் டா. எனக்கே தெரிந்தால் எழுத மாட்டேனா? இனி இப்படியே இருந்துவிடுவேனோ என்கிற பயம். அவ்வளவுதான்.

ஜூலை 18, சனி

க்ளினிக். செ.வும் வந்தாள், பட்டுப்புடவை கட்டாத குறை.

டா. என்னிடம் கேட்டார்: தூக்கம் எப்படி? பரவாயில்லை என்றேன். என்னையே பார்த்தார். மறுபடி கேட்டார். பரவாயில்லை. செ. பக்கம் திரும்பினார். செ. அவளுக்குத் தெரிந்த இந்தியில், "அச்சா சோத்தே ஹைன். குறட்டை பி" என்றாள். நன்றாகத் தூங்குகிறாராம், குறட்டைகூட விடுகிறாராம். டா. சிரித்துவிட்டார். தூக்க மாத்திரையைக் குறைத்தார், மற்றதைத் தொடரச் சொன்னார். தொழிற்சாலைக்குத் தகுதிச் சீட்டும் எழுதினார். திங்கள் முதல் கிரேன்.

இறங்கும்போது செ. படிக்கட்டில் நின்றுவிட்டாள். "நீங்க நடிக்கிறது எனக்குத் தெரியும்ங்க."

எப்படி என்றேன்.

"நெஜக் கொறட்டை நடுவுல நின்னு நின்னு வரும். இத்தினி வருஷமா கேட்டுனு இருக்கேன். இது மிஷினு மாதிரி ஒரே சீரா வருது."

"அப்புறம் ஏன் அங்க அப்படிச் சொன்னே?"

"மேல ஏறினா சரியாப்பூடும்னு நெனச்சேன். நீங்க அந்த டப்பாங்ககிட்ட போயி உக்காந்துட்டு வர்றதப் பாக்க முடியல. நான் மட்டும் தூங்கறன்னு நெனச்சீங்களா? படுத்துனு உங்க மூச்சத்தான் கேட்டுனு இருக்கேன்."

திரும்பிப் போய் டா.விடம் சொல்லியிருக்கலாம். அடுத்த ஆள் உள்ளே போய்விட்டார். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்தோம்.

ஜூலை 19, ஞாயிறு

மழை. எழுத ஒன்றுமில்லை. சட்டை காய்ந்துவிட்டது.

ஜூலை 20, திங்கள்

சீட்டைக் கொடுத்தேன். ஃபோர்மேன் கை குலுக்கினார். காம்ப்ளே தூரத்திலிருந்தே கத்தினான், "அண்ணா ஆ கயா!" கொக்கிக்குக் கீழே போய்ச் சங்கிலியை எடுத்தான். மேலே பார்க்கவே இல்லை. நான் வந்துவிட்டேன் என்கிற தைரியம்.

ஏணியில் பாதி ஏறினேன். அங்கிருந்து அந்த ஹெல்மெட் பொட்டாகத் தெரிந்தது. கை கம்பியை விட மறுத்தது. எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. ஃபோர்மேனிடம், நான் தூங்கவில்லை, சீட்டில் இருப்பது பொய், நான் சொன்ன பொய் என்றேன். சீட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "இனி உன்னை மேலே அனுப்பச் சொல்லி நான் எழுத முடியாது" என்றார். நியாயம்தான்.

காம்ப்ளே தோளில் கை போட்டான். அழுகை வந்தது. அவ்வளவு பேர் முன்னால்.

மதியமே வீடு. செ. கதவைத் திறந்தாள், முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பகலில் படுக்கக் கூடாதுதான். படுத்தேன். அவளும் பக்கத்தில் படுத்தாள். நான் குறட்டை விடவில்லை.

"தூக்கம் வருதா?"

"வரல."

"எனுக்கும் வரல."

சட்னி அரைக்கணுமே என்றாள். மிக்ஸியைப் போடு, சத்தம் வந்தால் வரட்டும் என்றேன். சரி என்றாள். எழுந்திருக்கவில்லை.