குப்பைமேடு எரிந்த ஆறு நாள்

சேலம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் சோபியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் பூனாவில் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, இந்தத் தடவை மனம் ஒப்பவில்லை. போனில் சொல்லலாமென்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், எனக்கும் நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது, அதனால்தான் இந்தக் காகிதம்.

போன வாரம் திங்கட்கிழமை நம் தெருவுக்குப் பின்னாலிருக்கும் குப்பைமேட்டில் தீப்பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் பிடிப்பதுதானே, இரண்டு நாளில் அடங்கிவிடும் என்று ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து உள்ளேயே கிடந்தோம். அம்மாவுக்குத்தான் ஏற்கெனவே இளைப்பு உண்டே, செவ்வாய்க்கிழமை இருமினாள், புதன்கிழமை காலையில் காபி போட எழுந்தவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள், உதடு கறுத்துப் போயிருந்தது, பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டு மஞ்சுளாதான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் வார்டு முழுக்க நம் தெருக்காரர்கள், டீக்கடை அங்கமுத்து கூட மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தார். அந்த டாக்டரம்மா சின்னப் பெண்தான், உன் வயதுதான் இருக்கும். “தீப்புடிச்ச அன்னிக்கு ரெண்டு பேர்தாங்க வந்தாங்க, அடுத்த ரெண்டு நாள்லதான் இத்தன கூட்டம். கண்ணுக்குத் தெரியற சாம்பல் மூக்கோட நின்னுரும், தெரியாத தூசிதாங்க நெஞ்சுக்குள்ள போயி வேலையக் காட்டுது” என்றாள்.

அம்மாவுக்கு ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருக்கும்போதே லாரி ஓனர் போன் செய்தார், நான் ஓட்டும் தண்ணீர் டேங்கரைக் குப்பைமேட்டுக்கு விடச் சொல்லி. மஞ்சுளாவைத் துணைக்கு வைத்துவிட்டுப் போனேன், வேறென்ன செய்வது, அது அணைந்தால்தானே அம்மா வீடு திரும்ப முடியும். ஒரு நாளைக்குப் பத்து லோடு கொட்டினோம். தண்ணீர் விழ விழப் புகைதான் கூடியது, மேலே அணைந்தது அடியில் கனன்றது. நான் கிளப்பிவிட்ட புகைதான் நம் வீட்டுப் பக்கம் போகிறது என்று வண்டியிலிருந்தே தெரிந்தது, ஆனாலும் தண்ணீரை நிறுத்த முடியாதே.

வெள்ளிக்கிழமை, மூச்சு தேறிவிட்டது, வெளியே ஆட்கள் படுக்கைக்குக் காத்திருக்கிறார்கள், ஆனால் புகையுள்ள இடத்துக்கு மட்டும் போகாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆத்தூரில் உன் சித்தி அக்சிலியா வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சித்தி நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், ஆனால் பின்னாலேயே ரைஸ் மில், உமிச்சாம்பல் கொடியில் காயும் துணியெல்லாம் படிகிறது. சனிக்கிழமை காலையில் அம்மாவுக்கு மறுபடி இழுக்க ஆரம்பித்தது. “எங்க போனாலும் இதேதானுங்க, மூச்சு முட்டுனாலும் நம்ம ஊட்லயே முட்டட்டும்” என்று அழுதாள். திரும்பி வந்துவிட்டோம். அன்று சாயங்காலம்தான் நெருப்பு அடங்கியது, அதுவும் மேலாகத்தான். வெயில் ஏறினால் மறுபடி பிடிக்கும் என்று தீயணைப்புக்காரரே சொல்கிறார். இந்த வீட்டை விற்கலாமென்றால் யார் வாங்குவார், வேறெங்கே போவோம், சொல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன் சாமி. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது அம்மா டாக்டரிடம், மகள் உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள் என்று பெருமையாய்ச் சொன்னாள். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தாள். பிறகு, “இந்த வருசம் கொளந்தைய அந்த ஊட்டுக்குக் கொண்டாராதீங்கம்மா” என்றாள். ஆத்தூர் போகும் வழியில், இதை நீங்கள் சோபியாவிடம் சொன்னால் அப்புறம் உங்களோடு பேசமாட்டேன் என்றாள் அம்மா. ஆனாலும் எழுதிவிட்டேன். தாய் வீட்டில் பெற முடியாமல் போகிறதே என்று உனக்கு வலிக்கும், எனக்குத் தெரியும். மாப்பிள்ளையிடம் சொல்லி அங்கேயே நல்ல ஆஸ்பத்திரியாய்ப் பார்த்துப் பதிந்துகொள். அம்மாவுக்கு ரயில் ஏறத் தெம்பு வந்தால் நான் கூட்டி வருகிறேன், வராவிட்டால் என்மேல் வருத்தப்படாதே.

ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையை விட்டுவிடாதே, மாடிப்படி மெதுவாய் ஏறு. அம்மா போனில், காற்றெல்லாம் சுத்தமாகிவிட்டது, வா சாமி என்று சொல்வாள். நம்பாதே.

உன் அப்பா,
தோமினிக்